நொறுங்கும் எப்பாக்ஸியைத் தாங்க வைப்பது எப்படி: திரவ ரப்பர் சேர்க்கும் முழு வழிகாட்டி

பித்தளைச் செருகி வைத்து வார்த்த எப்பாக்ஸிக் கட்டி ஒன்று என் மேசையில் பல வருடங்களாக இருக்கிறது. ஓவனிலிருந்து எடுத்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி ஆறட்டும் என்று விட்டுவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், பித்தளையின் கூர்மூலையில் தொடங்கி மேற்பரப்பு வரைக்கும் ஒரே விரிசல். யாரும் தட்டவில்லை, கீழே போடவும் இல்லை. ஆறும்போது எப்பாக்ஸி பித்தளையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சுருங்கும். அந்த இழுவை முழுவதும் மூலையில் குவிந்தது, கட்டி அங்கே பிளந்துவிட்டது.

எப்பாக்ஸி என்பது ஹார்ட்னர் சேர்த்தால் வினைபுரிந்து இறுகும் ரெசின், அதாவது பிசின். அது வலுவில் குறைந்ததல்ல. நன்றாக க்யூர் ஆன, அதாவது வினை முடிந்து இறுகிய, சாதாரண எப்பாக்ஸி 60 முதல் 80 மெகாபாஸ்கல் வரை இழுவையைத் தாங்கும். விரிசல் விழுந்த பிறகு அதை நிறுத்தி வைக்கும் திறன்தான் அதனிடம் இல்லை. ஒரு சதுர மீட்டர் அளவுக்கு விரிசல் ஓட 100 முதல் 300 ஜூல் ஆற்றல் போதும். திரவ ரப்பரைச் சரியாகச் சேர்த்தால் இந்த எண் பத்து மடங்குகூட ஏறும். நான் செய்யும் முறையைக் கணக்கோடு கீழே எழுதியிருக்கிறேன்.

வளைவது வேறு, தாங்குவது வேறு

உடைகிறது என்றதும் பலரும் ரெசினை இளக்கப் பார்க்கிறார்கள். நீளச் சங்கிலி கொண்ட நெகிழ்வு ரெசின், பிளாஸ்டிசைசர், நீர்க்கச் செய்யும் டைலுயன்ட் என்று எதையாவது ஊற்றுவார்கள். கட்டி வளையும், உண்மைதான். ஆனால் இவை மூலக்கூறு அளவில் கலந்துவிடுவதால் ரெசின் முழுவதுமே மென்மையாகிவிடும். டிஜி என்று எல்லோரும் சொல்லும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது கெட்டியான ரெசின் இளகத் தொடங்கும் சூடு, இருபது முப்பது டிகிரி சரியும். 80 டிகிரியில் வேலை செய்ய வேண்டிய பாகம் 60 டிகிரியிலேயே தொய்ந்துவிடும்.

நமக்கு வேண்டியது அது அல்ல. ரெசின் கெட்டியாகவே இருக்க வேண்டும், அதற்குள் மைக்ரான் அளவு ரப்பர்த் துளிகள் கோடிக்கணக்கில் தனித்தனியாகப் பரவி நிற்க வேண்டும். 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் மெக்கேரியும் அவருடைய மாணவர்களும் இதைச் செய்துகாட்டினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் சிடிபிஎன், அதாவது இரண்டு முனையிலும் கார்பாக்சில் தொகுதி கொண்ட பியூட்டாடையீன்–அக்ரிலோநைட்ரைல் திரவ ரப்பர்.

ரப்பர்த் துளி விரிசலை மறித்து நிற்கும் மெத்தை என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. விரிசலின் நுனி நெருங்கும்போது அந்த இடம் மூன்று திசையிலும் இழுபடுகிறது. துளிக்குள் குழி விழுந்து அது பொள்ளலாகிறது. பொள்ளல் விழுந்ததும் சுற்றியுள்ள எப்பாக்ஸிக்கு நகர இடம் கிடைத்து, அது சறுக்கி இழுபட்டு, ஆற்றலை விழுங்குகிறது. ஆக, பெரும்பகுதி வேலையைச் செய்வது எப்பாக்ஸிதான், ரப்பர் அதைத் தொடங்கி வைக்கிறது. இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது: இழுபடவே முடியாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னப்பட்ட ரெசினில் எவ்வளவு ரப்பர் போட்டாலும் பலன் குறைவுதான். 1980-களில் பியர்சனும் யீயும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின.

எந்த ரப்பர்?

சிடிபிஎன் வகைகளில் பார்க்க வேண்டியது அக்ரிலோநைட்ரைல் அளவு. 10, 18, 26 சதவீதம் என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. இந்த அளவு கூடக்கூட ரப்பர் எப்பாக்ஸியோடு நன்றாகக் கரையும். 10 சதவீத வகை சீக்கிரமே பிரிந்து பெரிய துளிகளாகிவிடும். 26 சதவீத வகை நுண்ணிய துளிகளைத் தரும், ஆனால் ஒரு பகுதி பிரியாமல் ரெசினிலேயே கரைந்து தங்கி டிஜியை இறக்கும். பரவலாகப் பயன்படும் பிஸ்பீனால்-ஏ எப்பாக்ஸிக்கு 18 சதவீத வகையில் தொடங்குங்கள். அதன் சொந்த டிஜி மைனஸ் 52 டிகிரி, குளிரிலும் ரப்பராகவே இருக்கும்.

எச்டிபிபி, அதாவது முனையில் ஹைட்ராக்சில் தொகுதி கொண்ட பியூட்டாடையீன் திரவ ரப்பர், விலை குறைவு, அதைப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது இந்த ரெசினில் கரையாது. கலக்கும்போதே பெரிய துளிகளாக நிற்கும், அதன் ஹைட்ராக்சில் முனை எப்பாக்ஸியோடு எளிதில் வினைபுரியவும் செய்யாது. பிடிப்பில்லாத துளி, கட்டிக்குள் காற்றுக்குமிழி இருப்பதற்குச் சமம்.

அளவைப் பொறுத்தவரை, நூறு பங்கு எப்பாக்ஸிக்கு ரப்பர் 5 முதல் 15 பங்கு. 20 பங்கைத் தாண்டினால் ஆட்டம் தலைகீழாகத் தொடங்கும். ரப்பர் தொடர்ச்சியான பரப்பாகி, எப்பாக்ஸி அதற்குள் துளியாகிவிடும். நான் 10 பங்கில் தொடங்குவேன், இங்கேயும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அடக்ட் தயாரிப்பு

சிடிபிஎன்னை நேரடியாக ரெசினில் ஊற்றி, ரெசினை இறுகச் செய்யும் அமீன் ஹார்ட்னரையும் சேர்த்தால் என்ன ஆகும்? கார்பாக்சில் அமிலம், அமீன் காரம். இரண்டும் முதலில் உப்பாகிவிடும், ரப்பர் எப்பாக்ஸியோடு பிணையாது. அதனால் ரப்பரை முன்கூட்டியே எப்பாக்ஸியோடு வினைபுரிய வைத்து, இரண்டு முனையிலும் எப்பாக்ஸி மாட்டிய அடக்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். தயாராக வாங்கவும் முடியும். ஆனால் ஒரு தடவையாவது கையால் செய்து பாருங்கள், பின்னால் வரும் பிழைகளைப் புரிந்துகொள்ள அது உதவும்.

சமான எடை (ஒரு மோல் எப்பாக்ஸித் தொகுதி அடங்கிய கிராம் எடை) 188 உள்ள பிஸ்பீனால்-ஏ திரவ எப்பாக்ஸி 600 கிராம், சிடிபிஎன் 400 கிராம். சிடிபிஎன் அறை வெப்பத்தில் ஒரு லட்சம் சென்டிபாய்ஸுக்கு மேல் பாகுத்தன்மை கொண்டது, தேனைவிடப் பல மடங்கு கெட்டி. டப்பாவை 60–70 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால்தான் ஊற்ற வரும். குளிர்ந்த ரப்பரைக் கரண்டியால் தோண்டிப் போட்டால் எடையும் தப்பும், கட்டிகளும் கரையாமல் நிற்கும்.

கிளறி, தெர்மாமீட்டர், நைட்ரஜன் குழாய் மூன்றும் பொருத்திய குடுவையில் இரண்டையும் போட்டு 80 டிகிரி வரை சூடாக்கிக் கலக்குங்கள். தெளிவான, லேசான மஞ்சள் கலவை வந்ததும் வினையைத் தூண்டும் டிரைஃபீனைல்பாஸ்ஃபீன் 1.5 முதல் 2 கிராம் சேர்த்து, மெதுவாக 120 டிகிரிக்கு ஏற்றுங்கள். அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம். எப்பாக்ஸி தனக்குத்தானே வினைபுரியத் தொடங்கினால் வெப்பம் தானாகவே ஏறும், குடுவைக்குள்ளேயே கட்டியாகிவிடும். முதல் முறை ஒரு கிலோவுக்கு மேல் செய்யாதீர்கள், பக்கத்தை விட்டு நகரவும் வேண்டாம்.

இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று சொல்லலாம். ஆனால் கடிகாரத்தை நம்பி நிறுத்தக் கூடாது, அமில எண்ணைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். 18 சதவீத வகை சிடிபிஎன்னின் அமில எண் சுமார் 29, அதாவது ஒரு கிராமைச் சமன்செய்ய 29 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை. நம் கலவையில் ரப்பர் 40 சதவீதம், ஆகவே தொடக்க எண் ஏறக்குறைய 11.7. அரை மணிக்கு ஒரு முறை சிறிது எடுத்து, டொலுவீனும் ஐசோபுரோப்பனாலும் கலந்த திரவத்தில் கரைத்து, ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.1 நார்மல் ஆல்கஹால் பொட்டாஷால் (ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) டைட்ரேட் செய்யுங்கள். தொடக்கத்தில் 2 கிராம் மாதிரிக்கு 4 மில்லி பிடிக்கும். எண் இறங்க இறங்க மாதிரியின் அளவைக் கூட்ட வேண்டும். கடைசியில் 10 கிராம் எடுத்தும் 1 மில்லிக்குள் இளஞ்சிவப்பு நின்றால் அமில எண் ஏறக்குறைய அரைக்கு வந்துவிட்டது, நிறுத்திவிடலாம்.

சூடான அடக்ட் தெளிவாக இருக்கும். ஆறிய பிறகும் தெளிவாகவோ லேசான மங்கலாகவோ இருந்தால் நல்லது. இரண்டு அடுக்காகப் பிரிந்தால் வினை முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஹார்ட்னர் கணக்கு

நான் பார்த்த தோல்விகளில் நிறைய இங்கேதான் நடந்தவை. இரண்டு நிமிடக் கணக்கு, பொறுமையாகப் போடுங்கள்.

அடக்ட் 100 கிராமில் 60 கிராம் எப்பாக்ஸி. 60 ÷ 188 = 0.319 சமானம். 40 கிராம் ரப்பரில் உள்ள கார்பாக்சில் 0.021 சமானம், அது அதே அளவு எப்பாக்ஸியைத் தின்றுவிட்டது. மீதி 0.298. ஆகவே அடக்டின் எப்பாக்ஸி சமான எடை 100 ÷ 0.298 = 335.

நூறு பங்கு எப்பாக்ஸிக்கு 10 பங்கு ரப்பர் வேண்டும். 25 கிராம் அடக்ட் எடுத்தால் அதில் 10 கிராம் ரப்பரும் 15 கிராம் எப்பாக்ஸியும் இருக்கும். அதோடு சாதா ரெசின் 85 கிராம். சமானங்கள்: 25 ÷ 335 = 0.075, 85 ÷ 188 = 0.452, மொத்தம் 0.527.

ஹார்ட்னராக டி-230 என்ற பாலிஈதர் அமீனை எடுத்துக்கொள்வோம், அதன் அமீன் ஹைட்ரஜன் சமான எடை 60. தேவை 0.527 × 60 = 31.6 கிராம்.

மொத்த எடை 110 கிராம், நூறுக்கு 32 என்ற பழைய விகிதத்தில் போட்டால் 35 கிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுபவர்கள் உண்டு. அங்கே அமீன் 11 சதவீதம் அதிகம். டிஜி இறங்கும், ஈரம் உறிஞ்சும், கட்டி கொஞ்சம் வளையவும் செய்யும். அந்த வளைவைப் பார்த்து ரப்பர் வேலை செய்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 3: கலந்து ஊற்றுவது

அடக்டையும் சாதா ரெசினையும் 60 டிகிரியில் கலந்து, வெற்றிடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக் காற்றை எடுங்கள். நுரை பாத்திரத்தில் மூன்று நான்கு மடங்கு உயரும், அதற்கு இடம் விட்டுப் பெரிய பாத்திரம் எடுங்கள். 40 டிகிரிக்கு ஆறவிட்டு ஹார்ட்னரைச் சேர்த்து, சுவரையும் அடியையும் சுரண்டி நன்றாகக் கலக்கி, இன்னொரு ஐந்து நிமிடம் மட்டும் வெற்றிடம். அப்புறம் அச்சில் ஓரமாக மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

நைட்ரைல் கையுறை கட்டாயம். எப்பாக்ஸியும் அமீனும் ஒவ்வாமையை உண்டாக்குபவை. ஒருமுறை தோலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னால் அந்த அறைக்குள் நுழைந்தாலே அரிக்கும், அது திரும்பிப் போகாது.

படி 4: க்யூர், பால் போலாகும் நேரம்

80 டிகிரியில் 2 மணி, பிறகு 125 டிகிரியில் 3 மணி, பிறகு ஓவனை அணைத்துவிட்டு உள்ளேயே மெதுவாக ஆறவிடுவது. இதுதான் அட்டவணை. ஆனால் முதல் முறை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியிலும் கொஞ்சம் ஊற்றி, ஓவன் கதவுக் கண்ணாடி வழியே பார்க்கும்படி வையுங்கள். பின்னால் கறுப்புக் கோடு போட்ட ஒரு தாளை ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது.

ஆரம்பத்தில் கோடு பளிச்சென்று தெரியும். ரெசின் வினைபுரியப் புரிய அதன் மூலக்கூறுகள் வளரும், வளர வளர ரப்பரைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே தள்ளும். ஒரு கட்டத்தில் கோட்டின் ஓரம் மங்கும், குப்பியில் லேசான நீலச்சாயல் படரும், சிறிது நேரத்தில் முழுவதும் பால் போலாகிக் கோடு மறைந்துவிடும். ரப்பர்த் துளிகள் பிறப்பது அந்த நேரம்தான். அதன் பிறகு ரெசின் ஓட்டம் நின்று ஜெல்லாகும் வரை துளிகள் வளரும். ஜெல் ஆனதும் இருந்த இடத்தில், இருந்த அளவில் உறைந்துவிடும்.

பால் போலாவதற்கும் ஜெல் ஆவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் துளியின் அளவைத் தீர்மானிக்கிறது. நமக்குத் தேவை அரை மைக்ரானிலிருந்து ஐந்து மைக்ரான் வரை. அதனால் இரண்டு நேரங்களையும் நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே ரெசின், அதே ரப்பர் இருந்தும் பலன் மாறினால், பெரும்பாலும் இந்த இடைவெளிதான் மாறியிருக்கும். ஹார்ட்னரை மாற்றினாலோ கட்டியின் கனத்தைக் கூட்டினாலோ இது மாறும். பெரிய கட்டியின் நடுப்பகுதி தன் சொந்தச் சூட்டில் வெந்து, ஓரத்தைவிட வேறு அளவுத் துளிகளோடு நிற்கும்.

கடைசி வரை தெளிவாகவே இருந்தால், சிடிபிஎன் விஷயத்தில் அது கெட்ட செய்தி. ரப்பர் பிரியாமல் கரைந்தே தங்கிவிட்டது. டிஜியைச் சோதித்தால் பத்து டிகிரிக்கு மேல் இறங்கியிருப்பது தெரியும். அக்ரிலோநைட்ரைல் குறைந்த வகைக்கு மாறுங்கள், அல்லது ஜெல் நேரத்தைத் தள்ளிப்போடும் ஹார்ட்னரைப் பாருங்கள்.

படி 5: சோதனை

ஆறு மில்லிமீட்டர் கனத் தகடு வார்த்து, 12 மில்லிமீட்டர் அகலம், 55 மில்லிமீட்டர் நீளத்தில் பட்டைகளாக அறுங்கள். பிளாஸ்டிக்கின் விரிசல் எதிர்ப்பை அளக்கும் ஏஎஸ்டிஎம் டி5045 என்ற தர முறைக்கு இது பொருந்தும். அகலத்தின் நடுவுக்குச் சற்று முன்பு வரை மெல்லிய ரம்பத்தால் ஒரு வெட்டு. இப்போது புது ரேஸர் பிளேடை அந்த வெட்டின் அடியில் வைத்து, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். பிளேடுக்கு முன்னால் இயற்கையான கூர் விரிசல் ஒன்று பாயும். வெறும் ரம்ப வெட்டோடு சோதித்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். ரப்பர் போடாத பட்டையில் பிளேடு பட்டதும் டிக்கென்று விரிசல் கடைசி வரை ஓடிப் பட்டை இரண்டாகும், நான்கில் ஒன்று இப்படி வீணாகும். ரப்பர் போட்டதில் அந்தச் சத்தம் வராது. பிளேடு மரத்தில் இறங்குவது போல இறங்கும், விரிசலின் நுனியில் வெள்ளைத் திட்டு ஒன்று தெரியும். எந்திரம் எதுவும் எண் சொல்வதற்கு முன்பே கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

48 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தாங்கி, நடுவில் அழுத்தம். விரிசல் சரியாகப் பாதி அகலத்தில் இருந்தால், சாதா எப்பாக்ஸி, விரிசல் எதிர்ப்பு 0.7 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர் என்ற கணக்கில், சுமார் 43 நியூட்டனில், அதாவது நாலரைக் கிலோ எடையில் உடையும். ரப்பர் போட்டது 2.0 தொட்டால் 123 நியூட்டன், பன்னிரண்டரைக் கிலோ. எடையில் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் ஆற்றல் இந்த எண்ணின் வர்க்கத்தில் ஏறும். சாதாவுக்குச் சதுர மீட்டருக்கு 140 ஜூல் என்றால், இதற்கு ஏறக்குறைய 1350.

இழுவை எந்திரம் இல்லாத சிறு பட்டறைக்காரர்கள் பட்டையின் நடுவில் கொக்கி மாட்டி, வாளியைத் தொங்கவிட்டு, உடையும் வரை தண்ணீர் ஊற்றி, வாளியோடு சேர்த்து எடை போடலாம். சான்றிதழுக்கு இது ஆகாது. ஆனால் நேற்றைய கலவைக்கும் இன்றைய கலவைக்கும் உள்ள வித்தியாசத்தை இது நேர்மையாகச் சொல்லும். ஒவ்வொன்றிலும் ஐந்து பட்டையாவது செய்யுங்கள்.

உடைந்த முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். சாதா எப்பாக்ஸி கண்ணாடி போல மின்னும். ரப்பர் சரியாக வேலை செய்ததில் விரிசல் தொடங்கிய இடத்தில் வெள்ளைப் பட்டை இருக்கும், துளிகளுக்குள் விழுந்த பொள்ளல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. கட்டி பால் நிறமாக இருந்தும் உடைந்த முகம் மின்னினால், ரப்பர் பிரிந்திருக்கிறது, ஆனால் ரெசின் இழுபடவில்லை. பின்னல் மிக நெருக்கம் என்று அர்த்தம்.

கூடவே டிஜியையும் விறைப்பையும் அளந்துவிடுங்கள். 10 பங்கு ரப்பருக்கு டிஜி சில டிகிரி இறங்குவதும், விறைப்பு 3 கிகாபாஸ்கலிலிருந்து 2.6 அளவுக்கு வருவதும் எதிர்பார்க்க வேண்டியவை.

சிடிபிஎன் பொருந்தாத இடங்கள்

டிஜி கொஞ்சமும் இறங்கக் கூடாது, க்யூர் அட்டவணையும் அடிக்கடி மாறும் என்றால் கோர்-ஷெல் ரப்பர் வாங்குங்கள். 100–200 நானோமீட்டர் அளவில் முன்கூட்டியே உருவாக்கிய துகள்கள் இவை. உள்ளே பியூட்டாடையீன் போன்ற ரப்பர், வெளியே அக்ரிலிக் ஓடு. கனேகா நிறுவனம் இதை எப்பாக்ஸியிலேயே பரப்பித் தருகிறது. துளியின் அளவு தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிட்டதால், நாம் ஜெல் நேரத்தோடு போராட வேண்டியதில்லை. விலை அதிகம்தான், ஆனால் அடிக்கடி கெட்டுப்போகும் வார்ப்பை நினைத்தால் கொடுக்கலாம்.

200 டிகிரிக்கு மேல் டிஜி உள்ள நான்கு கை (மூலக்கூறுக்கு நான்கு எப்பாக்ஸித் தொகுதி கொண்ட) எப்பாக்ஸிகளில் ரப்பர் அதிகம் உதவாது. அங்கே பாலிஈதர்சல்ஃபோன், பாலிஈதரிமைடு போன்ற சூடு தாங்கும் தெர்மோபிளாஸ்டிக்கைக் கரைக்கிறார்கள். விமானக் கட்டுமானத்தில் டோரே நிறுவனத்தின் 3900-2 ரெசின் இன்னொரு வழியில் போகிறது. கார்பன் இழை அடுக்குகளுக்கு நடுவில் தெர்மோபிளாஸ்டிக் துகள்களை நிறுத்தி, அடுக்குகள் பிரிவதைத் தடுக்கிறார்கள். போயிங் 777-இன் வால்பகுதியிலும் பிறகு 787-இலும் இது இருக்கிறது.

வெயிலில் நிற்கும் பாகத்துக்குச் சிடிபிஎன்னை வெறுமனே விடாதீர்கள். பியூட்டாடையீனில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் ஒளியிலும் ஆக்சிஜனிலும் கெட்டு இறுகும். மேலே பெயின்ட் அவசியம்.

படி 6: உண்மையான பாகத்தில்

பட்டையில் நல்ல எண் வந்தாலும், செருகி வைத்த பத்துக் கட்டிகளை வார்த்து, மைனஸ் 20 டிகிரியில் ஒரு மணி, 80 டிகிரியில் ஒரு மணி என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் எடுத்து, மூலைகளைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். என் பித்தளைக் கட்டியின் அதே வடிவத்தை 10 பங்கு ரப்பரோடு வார்த்தபோது விரிசல் வரவில்லை. ஆனால் இரண்டு கட்டிகளில் கூர்மூலையைச் சுற்றி நூல் அளவு வெள்ளைக் கோடு தெரிந்தது. அங்கே ரப்பர் ஏற்கெனவே பொள்ளத் தொடங்கிவிட்டது, கையிருப்பு கொஞ்சம்தான் பாக்கி. ரப்பரை 15 பங்காக ஏற்றலாமா என்று யோசித்துவிட்டு, பித்தளையின் மூலைகளை அரத்தால் தேய்த்து ஒரு மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டினேன். அடுத்த வார்ப்பில் அந்தக் கோடு வரவில்லை, ரப்பர் அளவும் 10 பங்கிலேயே நின்றது.